பன்னிரண்டு போர் துவக்கு

எங்கள் பக்கத்தில் துப்பாக்கிக்குத் துவக்கு என்றுதான் பேர். துப்பாக்கி சினிமாவில் இருப்பது, துவக்கு வயலில் இருப்பது. துவக்கின் வாய் எவ்வளவு அகலம் என்பதைப் 'போர்' என்ற ஆங்கிலச் சொல்லால் சொல்வார்கள். பன்னிரண்டு போர், பதினாறு போர், இருபது போர் என்று போகும். இதில் ஒரு கோணல் உண்டு. எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். பதினாறு போரை விடப் பன்னிரண்டு போர்தான் பெரிய துவக்கு. ஏன் அப்படி என்று வெள்ளைக்காரனைத்தான் கேட்க வேண்டும், அவன் எப்போதோ போய்விட்டான். வயல் வட்டையில் வெள்ளாமை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். துவக்குக்கு அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. கதை இவ்வளவுதான். ஆனாலும் நடந்ததை முழுக்கச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

காலிதீன் கல்முனைக்காரர். வயல் சவளக்கடைப் பக்கம், குத்தகை வயல். அவருடைய வாப்பா காலத்திலிருந்து அதே வயலைத்தான் அந்தக் குடும்பம் செய்து வருகிறது. வாப்பா மௌத்தானபோது பதினாறு போர் துவக்கும் அதன் அனுமதியும் காலிதீன் பேருக்கு வந்தன. யானையைச் சுடுவதற்கல்ல. அது குற்றம், அவருக்கு அந்த எண்ணமும் இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் யானை யோசிக்கும், பன்றி ஓடும். அது போதும்.

அந்த வெடிக்குத்தான் கேடு வந்தது. பதினாறு போர் தோட்டா அரசாங்கக் களஞ்சியத்துக்கு வருவது நின்றுவிட்டது. வருவதெல்லாம் பன்னிரண்டு போர் தோட்டா. காலிதீனின் துவக்கு வயல் வாடிக் குடிலுக்குள், இடுப்பில் கட்டுகிற சாறனைக் காயப்போடுகிற கம்பாகிவிட்டது. அது யானைகளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. போன போகம் ஒரு கதிர் மிச்சமில்லை. இந்தப் போகமும் நெல் வீடு வந்து சேராவிட்டால் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வயல்காரர் சொல்லிவிட்டார். அவர் கெட்டவரல்ல, அவர் வீட்டிலும் சோறு வேக வேண்டும்.

எனவே விதைப்பு முடிந்த கையோடு காலிதீன் ஒரு விண்ணப்பம் எழுதினார். நேர்மையான மனிதர், ஒரே வசனத்தில் எழுதினார்: "எனக்குத் தரப்பட்ட பதினாறு போர் துவக்கு அனுமதியைப் பன்னிரண்டு போர் துவக்கு அனுமதியாக மாற்றித் தருமாறு பணிவாய்க் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் கந்தோரில் வேலை செய்யவில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது.

கந்தோரின் பெயர் சுடுகலன் நெறிப்படுத்தல், மேம்பாடு மற்றும் ஒத்திசைவுக் காரியாலயம். பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளம் என்பதால் 'ஒத்திசைவு' பக்கத்துப் பழக்கடையின் மேல் தொங்கியது. வாசலில் நின்ற காவலாளி காலிதீனைத் தடவிப் பார்த்தார்.

"துவக்குக் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல மகன்."

"அப்ப என்னத்த மாத்தப் போறீங்க?"

அடுத்த நாள் காலிதீன் துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். துவக்கோடு உள்ளே போகக் கூடாது என்று அதே காவலாளி சொன்னார். ஆனால் விண்ணப்பதாரி துவக்கோடு நிற்கும் படம் ஒன்று கந்தோருக்குள்ளே, உத்தியோகத்தர் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும் என்பது விதி. இந்தச் சிக்கலை அந்தக் கந்தோர் ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தது. துவக்கின் நீளத்துக்குச் சரியான தும்புத்தடி ஒன்று அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலிதீன் படத்துக்கு நின்றார். அதன் பிறகு அந்தத் தடியால் கூட்டியும் விடச் சொன்னார்கள்.

யானை வந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். வயலுக்கு வந்து பாருங்கள் என்றார் காலிதீன். வாகனம் பழுது, அத்தாட்சியை நீங்களே கொண்டு வாருங்கள் என்றார்கள். அவர் யானை மிதித்த சேற்றை அடிச்சுவடு கலையாமல் வெட்டியெடுத்து, பேசினில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கந்தோர்க் கருமபீடத்துக்கு வந்து சேர்வதற்குள் சேறு காய்ந்து சுருங்கிவிட்டது. உத்தியோகத்தர் அடிமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, இது குட்டி யானை, குட்டி செய்யும் சேதம் இந்தச் சுற்றுநிருபத்துக்குள் வராது என்றார். காலிதீன் திரும்பப் போய்ப் பேசினில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இன்னொரு சுவடு கொண்டுவந்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்படியாக விண்ணப்பம் பூரணமானது.

இனி அது கொழும்புக்குப் போக வேண்டும். கொழும்புக்குத் தமிழ் தெரியாது, ஆகவே சிங்களத்தில் போக வேண்டும். அதற்கென்று மதுஷன் என்ற மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் இருந்தார். இலக்கணப் பரீட்சையில் விசேட சித்தி பெற்றவர். வயலைப் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறார், துவக்கைப் பார்த்ததில்லை. கந்தோர்க் கடிதங்களில் எல்லாம் 'சுடுகலன்' என்றுதான் இருக்கும். அதனால் துவக்கு என்றொரு பெயர்ச்சொல் இருக்க முடியும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. துவக்கு என்றால் தொடங்கு, ஏவல் வினை. போர் என்றால் யுத்தம். 'போர் துவக்கு' இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'போரைத் துவக்கு' என விரியும். விண்ணப்பதாரி படிப்பில்லாத மனிதர், 'துவக்கும் அனுமதி' என்று எழுதத் தெரியாமல் ஒரு மெய்யெழுத்தை விட்டுவிட்டார் என்று இரங்கி, மதுஷன் அதையும் திருத்திக்கொண்டு மொழிபெயர்த்தார். கொழும்புக்குப் போன கடிதம் இதுதான்: பதினாறு யுத்தங்களைத் தொடங்குவதற்கு ஏற்கெனவே அனுமதி பெற்றுள்ள விவசாயி காலிதீன், அதைப் பன்னிரண்டு யுத்தங்களாக மாற்றித் தரும்படி கேட்கிறார்.

ஒருவரும் திடுக்கிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மனிதனுக்குப் பதினாறு யுத்தம் தொடங்க அரசாங்கம் எப்போது அனுமதி கொடுத்தது என்று கல்முனையிலும் கேட்கவில்லை, கொழும்பிலும் கேட்கவில்லை. பைலில் அனுமதி இருக்கிறது என்றால் யாரோ கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர் பதவி உயர்ந்து போயிருப்பார். குறைப்பதை எந்தப் பிரிவின் கீழ் அங்கீகரிப்பது என்பது மட்டும்தான் கொழும்பின் கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி முடிவதற்குள் வயலில் பயிர் குடலை தள்ளி, கதிர் விடத் தயாராகிவிட்டது.

ஒரு நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் காலிதீன் வீட்டுக்கு வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விசாரிக்க வருகிற அரசாங்க ஆட்கள் யாரென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலிதீனின் மனைவி சுபைறா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

"ஆரோட போர்?" என்று ஒருவர் கேட்டார்.

துவக்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள் என்று காலிதீன் நினைத்தார். "யானையோட சேர். இடைக்கிடை பண்டியோட."

"யானை எண்டா யானைச் சின்னக் கட்சியா, மிருகமா?"

"மிருகம் சேர். நாலு கால்."

"பண்டி?"

"அதுவும் மிருகம்தான்."

எதிரிகள் இருவரும் மிருகங்கள், வெளிநாட்டுத் தொடர்பு இல்லை என்று அவர்கள் குறித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இந்த நாட்டில் போர் பற்றிய விசாரணை இதை விட வேகமாக முடிந்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

அவர்கள் போன பிறகுதான் காலிதீனுக்கு ஏதோ கோணலாகிவிட்டது என்று பட்டது. காலையில் முதல் பஸ்ஸில் கந்தோருக்குப் போய் உதவிப் பணிப்பாளர் அஸ்ஹரைக் கண்டார். அஸ்ஹர் நம்மூர்ப் பிள்ளைதான். கல்முனை வெயிலில் கழுத்துப்பட்டி கட்டுகிற ஒரே மனிதர் அவர். மேசைக் கண்ணாடிக்குக் கீழே அவர் வெளிநாடுகளில் பயிற்சி பெற்ற படங்கள் இருந்தன. 'மக்களை வரவேற்கும் கலை' என்ற பயிற்சிக்கு மட்டும் இரண்டு தடவை போயிருக்கிறார். காலிதீனைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"சேர், இது சண்டைப் போர் இல்ல. துவக்குட வாய். பதினாறு போர் எண்டா சின்ன வாய், பன்னெண்டு போர் எண்டா பெரிய வாய்."

அஸ்ஹர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அண்ணனை அழைக்கிற மாதிரிக் 'காக்கா' என்று தொடங்கினார்.

"காக்கா, நீங்க சொல்றது எனக்கு விளங்குது. நானும் வெள்ளாமைக்காரண்ட மகன்தான். ஆனா இந்தப் பைலில மதுஷன் ஒப்பம் வெச்சிரிக்கான், அதுக்கு மேல நான் வெச்சிரிக்கன், எனக்கு மேல கொழும்பில வெச்சிரிக்காங்க. இப்ப போய் இது போரில்ல, துவக்கு எண்டு சொன்னா, நாங்க மூண்டு பேரும் வாசிக்காம ஒப்பம் வெச்ச எண்டு வரும். வாசிச்சித்தான் வெச்ச எண்டு சொன்னா அது அதை விட மோசம்."

"அப்ப எண்ட வெள்ளாம?"

"வெள்ளாம அடுத்த போகமும் வரும். எனக்குப் பதவி உயர்வு நேர்முகம் இந்த மாசம்தான். ஒண்டு யோசிங்க காக்கா, நீங்க பதினாறில இரிந்து பன்னெண்டுக்கு இறங்கிறீங்க. நாலு போர் மிச்சம். நாட்டில இப்பிடி ஒருத்தரும் தானா இறங்கல்ல."

"இறங்கல்ல சேர், ஏர்றன். பன்னெண்டுதான் பெரிசி."

அஸ்ஹர் சிரித்தார். கணக்குத் தெரியாத மனிதரிடம் பொறுமையாக இருப்பதற்கும் அவர் எங்கோ பயிற்சி பெற்றிருந்தார்.

"பதினாறில நாலு போனா எத்தின காக்கா?"

"பன்னெண்டு."

"அப்ப?"

கைவிடும் நான்கு போர்களையும் எழுதித் தர வேண்டும், எழுதித் தந்தால் எல்லாம் சீக்கிரம் முடியும் என்று அஸ்ஹர் ஒரு தாளை நீட்டினார். சீக்கிரம் என்ற சொல்லை நம்பித்தான் காலிதீன் அதை வாங்கினார். அப்போது வயலில் கதிர் தலை சாய்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் தாளை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார். வாழ்க்கையில் யாரோடும் கைகலந்ததில்லை.

"என்னத்தப் புள்ள எழுதுற?"

சுபைறா மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னாள். "எண்ட கூடப்பிறந்த நானாவோட வேலிச் சண்டை ஒண்டு இரிக்கித்தானே. பள்ளிவாசல் நம்பிக்கையாளரோட அந்த ஒலிபெருக்கிக் கதை. முன்வீட்டுத் தேங்காய் நம்மட கூரைல உழுந்தது. மீன்காரன் நிறுவையில ஏமாத்தினது. நாலும் சரி."

"உன்னோட சண்டையையும் போட்டா?"

"அத விட்டுராதீங்க. அது இரிக்கட்டும், மத்தப் பன்னெண்டுக்குள்ள வெச்சிக்கோங்க."

காலிதீன் அப்படியே எழுதிக் கொடுத்தார். அதுவும் சிங்களத்துக்குப் போனது. கொழும்பு நெகிழ்ந்துவிட்டது. ஆணையாளரே நேரில் வருவதாகவும் 'போர்க் குறைப்புப் பெருவிழா' ஒன்றை ஏற்பாடு செய்யும்படியும் பதில் வந்தது. விழாவுக்குக் குறித்த நாள் வெள்ளாமை வெட்டுக்கு முந்திய நாள்.

விழா என்றால் படம் வேண்டும். படத்துக்கு ஒரு முஸ்லிம் மட்டும் போதாது, கட்டிப்பிடிக்க ஒரு தமிழரும் வேண்டும். கந்தோர் யோசித்து, காலிதீனின் அடுத்த வயல்காரர் செல்லத்தம்பியைப் பிடித்தது. இருவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். யானை வருகிற காலத்தில் ஒருவர் உறங்க மற்றவர் இரண்டு வயலையும் காவல் காப்பார். தோட்டா இல்லாத இந்தப் போகத்தை அவர்கள் தகரம் தட்டியே கடைசி நாள் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் வந்தா வயல ஆர் சேர் பாக்கிற?" என்று காலிதீன் கேட்டார்.

"காலையில விழா. பகலைக்கு முதல் வீட்ட போகலாம்," என்றார் அஸ்ஹர். "வராட்டி அனுமதி ரத்தாகும். புதுத் துவக்கும் இல்ல, பழசும் இல்ல."

காலையில் எல்லோரும் வந்தார்கள், ஆணையாளரைத் தவிர. பந்தலில் இருத்தி வைத்தார்கள். பகலானது. லுஹர் தொழுகை போனது, அஸர் தொழுகையும் போனது. இடையில் எழுந்து போகப் பார்த்த காலிதீனைக் காவலாளி கையைப் பிடித்து முன்வரிசையில் திரும்பவும் இருத்தினார்.

"காக்கா, நாம எப்ப சண்டை புடிச்ச?" என்று செல்லத்தம்பி மெதுவாகக் கேட்டார். "இவங்க சமாதானம் ஆக்கிறதுக்கு?"

"எனக்கும் விளங்கல்ல. வெயில் சாயிது செல்லத்தம்பி. அதுகள் இறங்கிற நேரம்."

ஆணையாளர் பின்னேரம்தான் வந்தார். வழியில் இன்னொரு சமாதானம் இருந்ததாம். வெள்ளைப் புறா கிடைக்காததால் கோழிக்கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கோழி கொண்டுவந்திருந்தார்கள். அதை ஆணையாளர் மேலே பறக்க விட்டார், அது நேரே கீழே விழுந்து கதிரைகளுக்குக் கீழே ஓடிவிட்டது. பிறகு அஸ்ஹர் பேசினார்.

"இன்று ஓர் ஏழை விவசாயி தன்னிடமிருந்த போர்களில் நான்கைத் தாய்நாட்டுக்குத் தந்திருக்கிறார். மீதிப் பன்னிரண்டையும் அவர் சட்டத்துக்குட்பட்டு நடத்துவார் என்று இந்தக் காரியாலயம் உறுதியளிக்கிறது. எம்மைச் சிலர் குறை கூறுகிறார்கள். நான் பெருமையுடன் சொல்கிறேன், இந்தக் காரியாலயம் திறந்த நாள் தொட்டு இன்று வரை நாம் ஒரு சுடுகலனையேனும் மாற்றிக் கொடுத்ததில்லை. நம்மிடம் ஒரு பிழையும் நடந்ததில்லை என்பதற்கு அதை விட வேறு சான்று எதற்கு?"

பலமாகக் கை தட்டினார்கள். காலிதீனும் செல்லத்தம்பியும் கட்டிப்பிடித்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று திரும்பவும் கட்டிப்பிடித்தார்கள். ஒலிவாங்கியைக் காலிதீன் கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

"யானை வரும். நான் போகணும்," என்றார் காலிதீன்.

மதுஷன் ஆணையாளரின் காதில் மொழிபெயர்த்தார். என்ன சொன்னாரோ, ஆணையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யானைகள் தின்றது பாதி, மிதித்தது பாதி. காலிதீனின் வயல் எங்கே முடிகிறது, செல்லத்தம்பியின் வயல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வரம்பு கூட மிச்சமில்லை. சேற்றில் கதிர் கதிராக நெல் அமிழ்ந்து கிடந்தது. செல்லத்தம்பி வரம்பிருந்த இடத்தில் குந்திவிட்டார். காலிதீன் சத்தம் போட்டு அழுதார். வாப்பா மௌத்தான அன்று கூட அவர் அப்படி அழவில்லை. யானைக்குக் கூட அன்று என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்திருந்தது. பந்தலில் இருந்த ஒருவருக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை. இதை எழுதும்போது என் வாயில் வருவதை அச்சில் போட முடியாது.

வயல்காரர் வந்து பார்த்தார். மறு வாரம் வேறொருவர் அந்த வயலில் உழவு இயந்திரத்தை இறக்கினார்.

அதன் பிறகுதான் அனுமதிப்பத்திரம் வந்தது. தடித்த தாள், பொன்னிறக் கரை, பதிவுத்தபால். அதைத் தொடர்ந்து பொலிஸ் சார்ஜன் ஒருவர் வீட்டுக்கு வந்து பதினாறு போர் துவக்கை எடுத்துக்கொண்டார். பழைய அனுமதி ரத்தாகிவிட்டது, புதிய அனுமதியில் ஆயுதம் என்று ஒன்றும் இல்லை, ஆகவே துவக்கை வைத்திருப்பது குற்றம். சார்ஜன் நல்ல மனிதர், சட்டம் தெரிந்தவர். புதுப் பத்திரத்தையும் வாங்கி ஒரு தடவை முழுக்க வாசித்து, சரி என்று தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த சில நாள் காலிதீன் சுபைறா வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவார். ஒரு காலையில் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். துவக்கு இல்லாததால் காவலாளி தடுக்கவில்லை. நேரே அஸ்ஹரின் அறைக்குள் போய்ப் பத்திரத்தை மேசைக் கண்ணாடியின் மேல் வைத்தார்.

"என்ன காக்கா, சந்தோசம்தானே?"

"வயல் போயிட்டு சேர். துவக்கும் போயிட்டு. இது மட்டும்தான் மிச்சம். இதால என்ன செய்ய ஏலுமோ அதச் செய்ய வந்திரிக்கன்."

"என்னத்த?"

"முதலாவது போரத் துவக்க."

"ஆரோட?"

"உங்களோட."

அஸ்ஹர் சிரித்துப் பார்த்தார். காலிதீன் சிரிக்கவில்லை. அஸ்ஹர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு பொலிசுக்கு டெலிபோன் அடித்தார். அதே சார்ஜன்தான் வந்தார்.

"இந்த மனுசன வெளியில எடுங்க," என்றார் அஸ்ஹர். "போர் துவக்கப் போறாராம்."

சார்ஜன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பன்னிரண்டு போர் தொடங்குவதற்கு அனுமதி. யாரோடு என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லை. காலாவதியாகவில்லை. முத்திரை தெளிவாக இருந்தது.

"இது உங்கட ஒப்பமா சேர்?"

அஸ்ஹர் பார்த்தார். "ஓம்."

"வாசிச்சித்தானே வெச்ச?"

அஸ்ஹர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பயிற்சிப் படங்களின் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"அப்ப நாங்க தலையிட ஏலா," என்றார் சார்ஜன். "முறைப்படி அனுமதி இரிக்கி." பத்திரத்தை இரு கையாலும் காலிதீனிடம் நீட்டினார். "ஒண்டு மட்டும் கவனம் காக்கா. பன்னெண்டுக்கு மேல போகப்படா."

காலிதீன் தலையாட்டினார். சார்ஜன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். காலிதீன் பத்திரத்தை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துவிட்டு, குனிந்து சாறனை மடித்துக் கட்டினார்.